முகூர்த்தத் தேதியும் செமஸ்டர் தேதியும்: கேட்டரிங் வேலைக்குப் போன ஒரு பி.காம் மாணவனின் கணக்கு

சென்னையில் கடைசியாக நீங்கள் போன கல்யாண ரிசப்ஷனில் உங்கள் இலையில் சாம்பார் ஊற்றிய பையன் அனேகமாக ஏதாவது ஒரு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். கறுப்பு பேண்ட், காண்ட்ராக்டர் கொடுத்த கோட்டு, கையில் உறை, தலையில் தொப்பி. கோட்டைக் கழற்றினால் பி.காம் இரண்டாம் ஆண்டோ பி.ஏ. முதலாம் ஆண்டோ. இதில் ரகசியம் எதுவும் இல்லை, கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவன் அட்டெண்டன்ஸ் குறைந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கும்போதுதான் இது பேச்சுக்கே வரும், அதுவும் "படிக்க வந்தவனுக்கு வேலை எதுக்கு?" என்ற ஒரே கேள்வியாக.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, வருடத்துக்கு 11 மாதம். மே மாதத்தில் நாங்களும் டியூஷன் அது இது என்று ஓடுகிறவர்கள்தான் என்பதால் இந்த விஷயத்தில் மேலே உட்கார்ந்து அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை. என் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவனின் 2024-25 கல்வியாண்டை அவன் சம்மதத்தோடு, அவனுடைய போனில் இருந்த வாட்ஸ்அப் செய்திகள், ஜிபே வரலாறு, என்னுடைய வருகைப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது இது. பெயர் வேண்டாம் என்றான். விழுப்புரம் மாவட்டம், மயிலம் பக்கம் ஒரு கிராமம், அவ்வளவு போதும்.

வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. போகாமல் அவனால் சென்னையில் ஒரு மாதம்கூட இருக்க முடியாது. நான் கேட்பது வேறு: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தான் என்பதைவிட அந்த வேலையின் தேதிகளை யார் முடிவு செய்தார்கள், கூலி எப்போது கைக்கு வந்தது என்பதுதான் இவன் படிப்பைத் தீர்மானித்தது. இதை யாரும் கேட்பதில்லை.

வீடும் வரவுசெலவும்

அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், வருடத்தில் பாதி நாள் வேலை. அம்மாவுக்கு நூறு நாள் வேலை. அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய், அதுவும் முழுசாக அளந்து போட்டால்தான். தங்கை பிளஸ் டூ. கல்லூரிக் கட்டணம் பெரிய பாரமில்லை, அரசுக் கல்லூரி, பஸ் பாஸும் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தத் திட்டமே 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது, அதற்கு முந்தைய ஒரு வருடம் அதுவும் இல்லை.

விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து அயனாவரத்தில் ஓர் அறை, கரண்ட் பில்லோடு இவன் பங்கு 1,700. சாப்பாட்டுக்கு 2,600 (அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் இல்லாவிட்டால் இந்தத் தொகை நடக்கவே நடக்காது), போன் ரீசார்ஜ் 300, வீட்டுக்கு 1,500, சோப்பு, நோட்ஸ் ஜெராக்ஸ், முடிவெட்டு என்று இன்னொரு 600. மொத்தம் 6,700. ஆயிரம் அரசு கொடுக்கிறது. மீதி 5,700 ரூபாயை ஒவ்வொரு மாதமும் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் 1,500 பற்றி ஒரு வார்த்தை. "அதை நிறுத்திடலாமே, நீ படிக்கிற பையன்தானே" என்று நான் கேட்டேன். "அது வீட்டுக்கு இல்ல சார், குழுக் கடன். எனக்கு அட்மிஷன் போடும்போது அம்மா வாங்குனது" என்றான். வாரத் தவணை. ஒரு வாரம் தவறினால் குழுவிலுள்ள மற்ற பெண்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இது அவனுடைய செலவுப் பட்டியலில் கடைசியாக இருந்தாலும் முதலில் வெட்ட முடியாதது.

கேட்டரிங் வேலை நடக்கும் விதம்

ஏன் கேட்டரிங்? உணவு டெலிவரிக்கு வண்டியும் லைசென்ஸும் வேண்டும், இவனிடம் இரண்டும் இல்லை. தி.நகர் ஜவுளிக் கடைகளில் தீபாவளிக்கு ஆள் எடுப்பார்கள், ஆனால் காலையிலிருந்து இரவு வரை முழு நாள் நிற்க வேண்டும். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே திருத்தியது. ஸ்டூல் வந்திருக்கிறது, உட்காரக் கூட்டம் விட வேண்டுமே.) கேட்டரிங்குக்கு ஒரு கறுப்பு பேண்டும், ஷூவும், ஒரு நண்பன் உன்னை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவதும் போதும். அறையில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்கள். முதலாம் ஆண்டு இரண்டாவது மாதத்திலேயே இவனும் சேர்ந்துவிட்டான்.

முறை இதுதான். காண்ட்ராக்டருக்குக் கீழே ஓர் இன்சார்ஜ், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஆள், அவருக்கும் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முந்தைய நாள் சாயங்காலம் குழுவில் "நாளை ஈவ்னிங் 40 பேர், மண்டபம் போரூர், 4 மணி ரிப்போர்ட்டிங்" என்று ஒரு செய்தி வரும். கீழே பெயர் போட வேண்டும். இருபது நிமிடத்தில் நாற்பது பெயரும் நிறைந்துவிடும். ராத்திரி ரிசப்ஷன் மட்டும் என்றால் 500. ராத்திரி மண்டபத்திலேயே படுத்து, விடிகாலை நாலரைக்கு எழுந்து காலை டிபனும் பார்த்தால் 900. இலை போடுவது, தண்ணீர் பாட்டில் வைப்பது புதுப் பையன்களுக்கு. சாம்பார், ரசம் வாளி பழகியவர்களுக்கு. ஐஸ்கிரீம், பீடா ஸ்டால் அண்ணனுக்கு வேண்டியவர்களுக்கு. முகூர்த்தம் முடிந்து டிபன் பந்தி ஓய்ந்ததும் மண்டபத்தின் பின்வாசலில் கையில் காசு.

கையில் காசு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்று சாப்பாடு. ராத்திரி கடைசிப் பந்தி முடிந்து பதினொன்றரைக்குப் பரிமாறிய பையன்கள் உட்காருவார்கள், காலையில் பொங்கலும் வடையும், கிளம்பும்போது கொஞ்சம் கட்டியும் கொடுப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு மூன்று வேளை. மாதம் ஆறேழு கல்யாணம் என்றால் இருபது வேளைச் சாப்பாடு இலவசம், அதுவும் அம்மா உணவகத்தில் கிடைக்காத சாப்பாடு. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது சின்ன விஷயமில்லை. கேலியும் கிண்டலுமாக இரவெல்லாம் கூட இருக்கும் நாற்பது பேர் சேர்க்கை வேறு. ஸ்டாஃப் ரூமில் இதைக் "கெட்ட பழக்கம்" என்கிறார்கள். நான் பார்த்தவரை அவன் சென்னையில் சிரித்த இடமே அதுதான்.

900 ரூபாய் என்றதும் நல்ல கூலி மாதிரி தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இவனுக்குக் காலை ஷிப்ட், கல்லூரி 8.30 முதல் 1.30 வரை. மூன்று மணிக்கு அறையிலிருந்து கிளம்பினால் அடுத்த நாள் மதியம் பன்னிரண்டுக்குத்தான் திரும்புவான். 21 மணி நேரம். மணிக்கு 43 ரூபாய். மறுநாள் கல்லூரி மொத்தமாகப் போச்சு.

பஞ்சாங்கம் ஒரு பக்கம், அகாடமிக் காலண்டர் ஒரு பக்கம்

மாதம் 5,700 வேண்டும், ஒரு கல்யாணத்துக்கு 900, ஆக ஆறு அல்லது ஏழு கல்யாணம். சராசரியாகப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றரை, சமாளிக்கலாம் போலத்தான் தோன்றும். ஆனால் கல்யாணம் சராசரியாக வருவதில்லை. ஆடியில் கிடையாது. ஆவணியில் கொட்டும். புரட்டாசியில் மறுபடி வறட்சி. ஐப்பசி, கார்த்திகையில் திரும்பக் கொட்டும். மார்கழியில் ஒன்றுமே இல்லை. தை பிறந்தால் வழி பிறக்கும். இடையில் இஸ்லாமிய, கிறித்தவக் கல்யாணங்கள் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் பிரியாணிக் கல்யாணங்களுக்குப் பெரும்பாலும் வேறு மாஸ்டர், வேறு குழு, இவனுக்கு அங்கே ஆள் தெரியாது.

இப்போது செமஸ்டரை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஆடியில் கல்லூரி திறந்த புதிது, யாரும் தீவிரமாகப் பாடம் எடுப்பதில்லை, இவன் தினமும் வந்து உட்கார்ந்திருந்தான். ஆவணியில் முதல் உள்தேர்வு. ஐப்பசி மத்தியில் பாடம் முடிகிற அவசரம், மாடல் தேர்வு. கார்த்திகையில் பல்கலைத் தேர்வு. கல்லூரிக்கு அவன் தேவைப்படாத மாதங்களில் மண்டபத்துக்கும் அவன் தேவையில்லை, கல்லூரி இறுக்கும் மாதங்களில்தான் மண்டபமும் கூப்பிடுகிறது. பற்றாக்குறை மாதத்தில் நண்பர்களிடம் வாங்கிய கடனையும் சேர்த்து முகூர்த்த மாதத்தில் அடைக்க வேண்டும் என்பதால் அந்த மாதம் ஆறு இல்லை, எட்டு ஒன்பது கல்யாணம்.

"வர முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை அண்ணன் குழுவில் போடுவதற்கு முன்பே தனியாகக் கூப்பிட்டு நிரப்பிவிடுகிறார், நமக்கு வேலை தேவைப்படும்போது பட்டியல் ஏற்கெனவே நிறைந்திருக்கும் என்றான். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். மூன்றாம் செமஸ்டர் உள்தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரி இவன் திருவேற்காட்டில் ரசம் வாளி தூக்கிக்கொண்டிருந்தது இப்படித்தான்.

அந்த செமஸ்டரின் வருகைப் பதிவேடு: வேலை நாள் 90, வராத நாள் 28. இந்த 28-ஐ நான் பிரித்துப் பார்த்தேன். 21 நாள் கல்யாணத்துக்கு மறுநாள். 4 நாள் அக்டோபரில் காய்ச்சல். 3 நாள், ஈரத் தரையில் வழுக்கிக் காலில் ரசம் கொட்டிக்கொண்டது. அதற்கு அண்ணன் ஆயின்ட்மென்டும் 500 ரூபாயும் கொடுத்தார். யாருடைய பதிவேட்டிலும் இல்லாத வேலை என்பதால் அதற்கு மேல் கேட்க இடமும் இல்லை. எழுபத்தைந்து சதவீதத்துக்கு 22 நாள் வரை விடலாம். கல்யாண நாள்களை மட்டும் கணக்கில் எடுத்தால் இவன் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறான், சொல்லப்போனால் எல்லையைப் பார்த்துப் பார்த்துத்தான் பெயர் கொடுத்திருக்கிறான். ஆனால் எல்லோருக்கும் வருகிற காய்ச்சலுக்கென்று மிச்சம் வைக்க முடியவில்லை. மற்ற மாணவர்களுக்கு அந்த 22 நாள் உடம்புக்கும் வீட்டு விசேஷத்துக்கும். இவனுக்கு அது முழுக்க வேலைக்குப் போய்விட்டது. 69 சதவீதத்தில் நின்றான்.

75-க்கும் 65-க்கும் நடுவில் இருந்தால் எங்கள் விதிப்படி கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். ஏறக்குறைய ஒரு ரிசப்ஷன் கூலி. அதைக் கட்ட அவன் என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? இன்னொரு ரிசப்ஷனுக்குப் போனான். வகுப்புக்கு வராததற்கு அபராதம் கட்ட வகுப்பை விட்டுச் சம்பாதிக்க வைக்கிற இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களுக்கு ஒரு நாள் பந்தி பரிமாறும் வேலை கொடுக்கலாம்.

புயல் வாரம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னை ஒருவழியாகத் தப்பியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. சென்னையில் அன்று ராத்திரி இவன் பரிமாறப் போன ரிசப்ஷனில் சமைத்தது எழுநூறு பேருக்கு, வந்தது இருநூறு பேர்கூட இல்லை. இடையிடையே வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், லைன் போகவில்லை. மறுநாள் மதியம்தான் தங்கை பேசினாள், பின்பக்கச் சுவர் விழுந்துவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம் என்று. ஊருக்குப் போகக் கிளம்பினான், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயிலை நிறுத்திவிட்டார்கள். அரசூர் பக்கம் நெடுஞ்சாலையிலும் தண்ணீர். அம்மா போனில், "கண்ணு, நீ வந்து என்ன பண்ணப் போற, பரீட்சய எழுது, முடிஞ்சா ஏதாவது காசு போட்டு விடு" என்றாராம்.

அரசு அந்த மாவட்டத்துக் குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. சுவருக்கு அது போதாது. அடுத்த இரண்டு வாரமும் முகூர்த்தம், கார்த்திகை முடிந்தால் ஒரு மாதம் ஒன்றும் கிடையாது என்பதும் இவனுக்குத் தெரியும். கிடைத்த எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தான். தேர்வுகளுக்கு நடுவில்.

எந்தப் பாடத்தில் தோற்றான் என்பதைக் கவனியுங்கள். கம்பெனி லா தேறிவிட்டான், தமிழும் ஆங்கிலமும் தேறிவிட்டான். போனது கார்ப்பரேட் அக்கவுண்டிங்கும் ஸ்டாடிஸ்டிக்ஸும். தியரி பேப்பரை மண்டபத்து மூலையில் உட்கார்ந்து போனில் பி.டி.எஃப். வைத்து முந்தைய ராத்திரி படித்துவிட முடியும், அவன் படித்தான். கணக்குப் பேப்பர் அப்படி வராது. பங்கு வெளியீட்டுக் கணக்கை திங்கள்கிழமை போர்டில் போட்டு, செவ்வாய்க்கிழமை அதன் மேல் அடுத்ததைப் போடும்போது செவ்வாய் மட்டும் வந்தவனுக்கு ஒன்றும் புரியாது. வேலை பார்க்கும் மாணவர்களின் அரியர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எங்கள் துறையில் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று பேப்பர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கவனக்குறைவு, அக்கறையின்மை என்றால் எல்லாப் பேப்பரிலும் அல்லவா தோற்க வேண்டும்?

மாற முடியாமல் இருந்ததற்குக் காரணம்

ஜனவரியில் நான் அவனிடம் வேறு வேலை பார்க்கச் சொன்னேன். கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் 5.30 முதல் 9.30 வரை ஆள் தேவை, மாதம் 6,000, ஞாயிறு விடுமுறை. நான் நோட்ஸ் எடுக்கும் கடை, ஓனரைத் தெரியும். "சரி சார்" என்றான். போகவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டேன், மறுபடி "சரி சார்". எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது, கல்யாணச் சாப்பாட்டு ருசி விடவில்லை போல என்று ஹெச்.ஓ.டி.யும் சொன்னார்.

காரணம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. ஜெராக்ஸ் கடையில் சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். தை மாதம், வாரம் இரண்டு கல்யாணம், கையில் அன்றன்றைக்குக் காசு. இதை விட்டுவிட்டு அங்கே போனால் முதல் முப்பது நாளைக்கு வாடகை, சாப்பாடு, அம்மாவின் வாரத் தவணை எதற்கும் பணம் கிடையாது. அட்வான்ஸ் கேட்கப் புது ஆளுக்கு வாய் வராது. மார்கழிக் கடன் வேறு அப்படியே இருந்தது. தினக்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்குத் தாண்ட ஒரு மாதச் செலவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவன், மோசமான வேலை என்று தெரிந்தும், அதிலேயேதான் இருப்பான். நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள், இது எங்கள் கண்ணில் படுவதில்லை.

பிப்ரவரியில் கல்வி உதவித்தொகை மொத்தமாக வந்து விழுந்தது, நாலாயிரத்துச் சொச்சம். அதே தொகை ஜூலையில் வந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதை வைத்துக்கொண்டு மாத மத்தியில் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

கடைக் கணக்கு: 26 நாள், தினம் 4 மணி நேரம், 104 மணி நேரத்துக்கு 6,000. மணிக்கு 58 ரூபாய் வாக்கில். கேட்டரிங் 43 என்று பார்த்தோம். ஆனால் இலவசச் சாப்பாடு போனதால் மாதம் 600, 700 கூடுதல் செலவு, ஆயிரமும் ஆறாயிரமும் சேர்த்து 7,000 வரவுக்கு 7,300-க்கு மேல் செலவு. துண்டு விழுகிற முந்நூறு, நானூறுக்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் பரிமாறப் போகிறான். திங்கள் காலைக்குத் தங்குவதில்லை. அண்ணன் இதற்கு ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியம், பழகிய ரச வாளிக்காரன் ஒரு நாளாவது வரட்டுமே என்று விட்டிருப்பார்.

ஜெராக்ஸ் கடை சொர்க்கம் இல்லை. தேர்வு நேரம்தான் அங்கே சீசன், ஒன்பதரை பத்தரை ஆகும், மெஷின் சூட்டில் நாலு மணி நேரம் நிற்க வேண்டும். ஆனால் நாளைக்கு எங்கே இருப்போம் என்பது இன்றைக்கே தெரியும், காலை எட்டரைக்கு வகுப்பில் உட்காரலாம். நான்காம் செமஸ்டரில் பிப்ரவரி பாதி வரை ஒன்பது நாள் விட்டிருந்தான், அதன் பிறகு ஏப்ரல் வரை அதே அளவுகூட இல்லை, கடைசியில் 80 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. அந்த செமஸ்டர் பேப்பர்கள் எல்லாம் தேறினான். கார்ப்பரேட் அக்கவுண்டிங் அரியரும் முடிந்தது. ஸ்டாடிஸ்டிக்ஸ் மறுபடி போய்விட்டது.

மே, ஜூனில் கல்லூரி கிடையாது, வைகாசி முகூர்த்தம். கடை ஓனரிடம் சொல்லிவிட்டு இரண்டு மாதமும் கேட்டரிங் போனான், நானே போகச் சொன்னேன். அதே வேலை, அதே அண்ணன், அதே 21 மணி நேரம், ஆனால் மறுநாள் காலை இழக்க ஒன்றும் இல்லை. ஜூலைக்கு ஒரு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

ஸ்டாஃப் ரூம் பேச்சு

இதை எங்கள் துறைக் கூட்டத்தில் சொன்னபோது வந்த முதல் எதிர்ப்பு, "வேலை பார்க்க வேண்டியவன் தொலைதூரக் கல்வியில் படிக்கலாமே". படிக்கலாம். ஆனால் தமிழ்ப் புதல்வன் பணம், பஸ் பாஸ், விடுதிக்கான வாய்ப்பு எல்லாம் தினமும் கல்லூரிக்கு வருகிறவனுக்குத்தான், அதை விட்டுவிட்டால் பற்றாக்குறை இன்னும் பெரிதாகும். மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றார் இன்னொருவர். ரிசப்ஷனும் மாலைதான் சார்.

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவன் பட்டப்படிப்பின் பாட நாள்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கல்லூரி வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. அங்கே போகும் நம் பிள்ளைகள் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதெல்லாம் விசாவுக்காகப் போட்ட விதி, அக்கறையால் அல்ல, ஆனாலும் ஒரு மாணவன் வேலை பார்க்கிறான் என்பதையும் விடுமுறையில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதையும் அது எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. எங்கள் பதிவேட்டில் வராத நாள் மட்டும் இருக்கிறது, ஏன் வரவில்லை என்ற கட்டமே இல்லை.

மகாராஷ்டிரத்தில் இதற்கு நூறு வருடப் பழக்கம் உண்டு. கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் தொடங்கிய ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவின் அடிப்படையே உழைத்துக்கொண்டு படிப்பதுதான். புனே பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரில் ஒரு திட்டம் நடத்துகிறது, மாணவர்கள் நூலகம், அலுவலகம், தோட்டம் என்று வளாகத்துக்குள்ளேயே சில மணி நேரம் வேலை பார்த்துக் கூலி வாங்குகிறார்கள். அதில் கிடைப்பது பெரிய தொகை அல்ல. ஆனால் வேலை கொடுப்பதும் தேர்வு வைப்பதும் ஒரே இடம், எனவே தேர்வுக்கு முந்தைய நாள் யாரும் போரூருக்கு வா என்று கூப்பிட மாட்டார்கள். எங்கள் கல்லூரியிலேயே நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆளில்லை, கம்ப்யூட்டர் லேப் மூன்று மணிக்குப் பூட்டப்படுகிறது. பத்துப் பையன்களுக்கு வேலை தரும் அளவுக்கு அங்கேயே வேலை கிடக்கிறது. எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று கேட்டுக் கோப்பு நின்றுவிட்டது.

பணமே தேவைப்படாத சிலதையாவது செய்யலாம் என்று இந்த வருடம் நாங்கள் மூன்று பேர் ஒத்துக்கொண்டோம். கணக்குப் பேப்பர்களின் உள்தேர்வை முகூர்த்தத்துக்கு மறுநாள் வைப்பதில்லை. தினசரிக் காலண்டர் ஸ்டாஃப் ரூம் சுவரில்தான் தொங்குகிறது, பார்த்துத் தேதி போட இரண்டு நிமிடம். கணக்குப் பாடத்தை முதல் பீரியடிலிருந்து மூன்றாம் பீரியடுக்கு மாற்றினோம், ரிசப்ஷன் மட்டும் முடித்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்தவன் பத்தரைக்காவது வந்து சேர்வான். ஹெச்.ஓ.டி. இதைக் "கல்யாண டைம் டேபிள்" என்று கிண்டல் செய்தார், கையெழுத்தும் போட்டார்.

இவன் இப்போது மூன்றாம் ஆண்டு. ஸ்டாடிஸ்டிக்ஸை நவம்பரில் மூன்றாவது தடவை எழுதியிருக்கிறான், ரிசல்ட் வரவில்லை. தங்கை விழுப்புரத்திலேயே கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். பின்பக்கச் சுவர் பாதி உயரம் வந்திருக்கிறது.

எழுதி முடித்து அவனிடம் படிக்கக் கொடுத்தேன். கணக்கெல்லாம் சரி என்றவன் ஓர் ஆட்சேபம் சொன்னான். "ஜெராக்ஸ் கடைக்கு நீங்க சொன்னீங்க சார், அதான் எடுத்தாரு. நான் ஃபர்ஸ்ட் இயர்ல அதே கடைல போய்க் கேட்டேன், யார் பையன், எங்க தங்கியிருக்க, யாரத் தெரியும்னாரு. எனக்கு அப்ப இங்க யாரையும் தெரியாது." கல்லாப்பெட்டி இருக்கும் எந்தக் கடையிலும் இந்தக் கேள்வி வரும், கேட்டரிங்கில் வராது. போன வருடம் அவன் அறையில் புதிதாக வந்து சேர்ந்த ஊர்ப் பையனை இவனே அந்த அண்ணனின் குழுவில்தான் சேர்த்துவிட்டிருக்கிறான்.